கச்சேரிக்குக் கூப்பிட்டால் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மார்கழியிலும் யாராவது ஒருவரைக் கர்நாடக சங்கீதக் கச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போவது என் வழக்கம். ஒரு வருஷம் அலுவலக நண்பர், ஒரு வருஷம் மச்சினர், போன வருஷம் மாடி வீட்டுக் கல்லூரிப் பெண். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அரங்குக்குள் பேசக் கூடாது என்பதால், போகும்போது பாதியும் திரும்பும்போது மீதியுமாக ஆட்டோவிலேயே கேட்டு முடிப்பார்கள். ஆட்டோ சத்தத்தில் கத்திக் கத்திப் பதில் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். நான் வித்வான் இல்லை. சின்ன வயதில் நாலு வருஷம் பாட்டு கற்றுக்கொண்டு, கீர்த்தனைக்கு முந்தைய பாடமான வர்ணத்தோடு நின்றுபோனவன். அந்த அளவுக்குத்தான் பதில்களும் இருக்கும்.

"எனக்கு சங்கீதத்துல ஒண்ணுமே தெரியாது. வந்தா தூங்கிடுவேனே?"

தூங்கினால் தூங்குங்கள். முன்வரிசையிலேயே தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு பேர் விஷயம் தெரிந்த ரசிகர்கள். குறட்டை விடாத வரை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

தூக்கம் வராமலிருக்க எனக்குத் தெரிந்த வழி, கண்ணை மூடாமல் இருப்பது. ரசிகர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்ட வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அது சரிப்படாது. மேடையைப் பாருங்கள். பாடுகிறவர் ஓரக்கண்ணால் வயலின்காரரைப் பார்ப்பார், வயலின்காரர் புன்னகைப்பார், மிருதங்கக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று நிமிர்வார். மேடையில் மூன்று நாலு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மொழி புரியாவிட்டாலும், பக்கத்து வீட்டில் நடப்பது சண்டையா சமாதானமா என்று நமக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா?

"ஏன் எல்லாத்தையும் டிசம்பர்லயே வைக்கிறாங்க? ஜூன்ல வெச்சா என்ன?"

ஜூன் மாதச் சென்னையில் பட்டுப்புடவை கட்டி இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

வெயில் ஒரு காரணம்தான். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது, அதையொட்டி இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-இல் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. அவர்களின் ஆண்டு விழா டிசம்பரில் ஊன்றிக்கொள்ள, மற்ற சபாக்களும் பின்னாலேயே வந்தன. மார்கழியில் கல்யாணம் கிடையாது, விடியற்காலையில் திருப்பாவை, திருவெம்பாவை என்று காதில் ஏற்கெனவே பாட்டு விழுந்துகொண்டிருக்கும், கூடவே கிறிஸ்துமஸ் விடுமுறை. எல்லாம் ஒன்றாகக் கூடிவிட்டது. 2017-இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்ததற்கும் இந்த சீசன் பெரிய காரணம்.

"டிக்கெட் வாங்கியே ஆகணுமா?"

வேண்டாம். பெரும்பாலான சபாக்களில் காலை, மதியக் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. மாலை நட்சத்திரக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். மதியம் பாடுகிறவர்கள் இளையவர்கள். இருபது பேர்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்தும் உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள். முதல் கச்சேரிக்கு நான் மதியத்தைத்தான் சொல்வேன். பிடிக்காவிட்டால் காசு போச்சே என்ற வருத்தம் இருக்காது, பிடித்துவிட்டால் பத்து வருஷம் கழித்து "அவரை நான் மதியக் கச்சேரியிலேயே கேட்டேனாக்கும்" என்று அலட்டிக்கொள்ளலாம்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் கொய்ங் கொய்ங்னு என்னதான் பண்றாங்க?"

சுருதி சேர்க்கிறார்கள். பாடுகிறவர் தன் குரலுக்குத் தோதான ஓர் இடத்தை முதல் சுரமான 'ச' என்று வைத்துக்கொள்வார். மேடையில் உள்ள அத்தனை வாத்தியங்களும் அந்த இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். அந்த இடத்தைத்தான் 'கட்டை' என்பார்கள். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணுவதிலிருந்து வந்த பேச்சு அது. ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள், பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டி. பின்னால் ஓயாமல் ஒலிக்கும் தம்புராவின் நாலு தந்திகளும் 'ப ச ச ச' என்று இதை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கும். இப்போது பல மேடைகளில் அந்த வேலையைச் சின்னப் பெட்டியோ கைபேசியோ செய்கிறது.

இந்த நேரத்தில் மிருதங்கக்காரரைப் பாருங்கள். இடது பக்கத் தோலின் நடுவில், ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, வடை தட்டுவதுபோல் அப்பிக்கொண்டிருப்பார். கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார். வலது பக்கத்தை ஒரு கல்லால் விளிம்பில் சுற்றிச் சுற்றித் தட்டிச் சுருதிக்குக் கொண்டுவருவார். ஒரே மிருதங்கம் எல்லாச் சுருதிக்கும் ஒத்துவராது. அதனால்தான் அவர்கள் வீட்டில் ஒன்றுக்கு நாலாக மிருதங்கம் இருக்கும். வலது பக்கம் நிரந்தரமாக இருக்கும் கறுப்பு வட்டம்தான் சூட்சுமம். சாதாரணத் தோல் கருவியில் தட்டினால் ஓசை வரும், சுரம் வராது. அந்தக் கறுப்புப் பூச்சினால்தான் மிருதங்கத்திலிருந்து எழும் மேற்சுரங்கள் (ஒரே தட்டில் அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிப்பவை) தந்தி வாத்தியத்தில் வருவதுபோல் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. இதைப் பற்றி சி.வி. ராமன் 1920-லேயே எழுதியிருக்கிறார். நோபல் பரிசு வருவதற்குப் பத்து வருஷம் முன்னால்.

"எல்லாரும் தொடையில தட்டிக்கிட்டே இருக்காங்களே, அது என்ன கணக்கு?"

தாளம். பெரும்பாலும் ஆதி தாளம்தான் இருக்கும். எட்டு எண்ணிக்கை. உள்ளங்கையால் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். மறுபடி ஒரு தட்டு, கையைத் திருப்பிப் போடுங்கள். இன்னொரு தட்டு, இன்னொரு திருப்பு. எட்டு முடிந்தது, மறுபடி முதலிலிருந்து. வீட்டில் சினிமாப் பாட்டு எதையாவது போட்டுப் பாருங்கள். பத்தில் பல பாட்டுகள் இதற்குள் அடங்கிவிடும்.

ஆதி இல்லையென்றால் மூன்றாகப் போகும் ரூபகம் (தட்டு, தட்டு, திருப்பு), ஐந்தாகப் போகும் கண்ட சாபு, ஏழாகப் போகும் மிஸ்ர சாபு. ஏழு என்றதும் பயப்பட வேண்டாம். 'தகிட தகதிமி' என்று வாயால் சொல்லிப் பாருங்கள். என் மச்சினருக்கு இதைச் சொல்லிக்கொடுத்த அன்று, வீடு போய்ச் சேரும்வரை ஆட்டோவின் கம்பியில் அதையே தட்டிக்கொண்டு வந்தார். டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"நான் போடற தாளம் தப்பாயிடுச்சுன்னா?"

பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். அவரும் அவருக்கு முன்னால் இருப்பவர் கையைப் பார்த்துத்தான் போட்டுக்கொண்டிருப்பார். ஆனால் சத்தம் வராமல் போடுங்கள். மேடைக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு தப்புத் தாளத்தை ஓங்கி அடித்தால் பாடுகிறவருக்கு எரிச்சல் வரும்.

"வார்த்தையே இல்லாம பத்து நிமிஷம் 'ஆ… த த ரி ந'ன்னு இழுக்கிறாங்களே, அது எதுக்கு?"

அது ஆலாபனை. பாட்டைத் தொடங்குமுன் அந்தப் பாட்டின் ராகத்தை மட்டும் தனியாகக் காட்டுவது. அதற்குத் தாளம் கிடையாது. அதனால் மிருதங்கக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், எட்டு எண்ணுகிற ரசிகர்களின் கைக்கும் ஓய்வு. பாடுகிறவர் என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே முழுதாகத் தெரியாத நேரம் இது. அப்போதைக்கு அப்போது கட்டுகிறார்.

கீழேயிருந்து தொடங்கி மெல்ல மேலே ஏறுவார். ஏதோ ஒரு சுரத்தில் போய் நின்று, அதைச் சுற்றிச் சுற்றி வருவார். மேல் 'ச'வைத் தொடாமல் தொடாமல் போக்குக் காட்டுவார். கடைசியில் தொட்டு நிற்கும்போது அரங்கில் ஒரு பெருமூச்சு கேட்கும். இந்த ஏற்றத்தை மட்டும் கவனித்தால் போதும், பத்து நிமிஷம் போனதே தெரியாது. அவர் முடித்ததும் வயலின்காரர் அதே ராகத்தைத் தன் பங்குக்கு வாசிப்பார். அவர் சொன்னதையே இவர் வேறு மாதிரி சொல்கிறார் என்பது சில இடங்களில் உங்களுக்கே பிடிபடும்.

"ராகம் ராகம்னு சொல்றீங்களே, அது ட்யூன்தானே?"

இல்லை. மெட்டு என்பது கட்டிய வீடு. ராகம் என்பது எந்தெந்தச் சுரங்களை, எப்படி எப்படிப் புழங்கலாம் என்ற வழக்கம். ஒரே ராகத்தில் நூறு மெட்டு போடலாம்.

வீட்டில் கீபோர்டு இருந்தால் இதைச் செய்து பாருங்கள். கறுப்புக் கட்டைகள் மூன்றும் இரண்டுமாகக் கொத்துக் கொத்தாக இருக்கும். மூன்று இருக்கும் கொத்தின் முதல் கட்டையில் தொடங்கி, கறுப்பிலேயே வரிசையாக மேலே போய், அடுத்த மூன்று கொத்தின் முதல் கட்டை வரை வாசியுங்கள். அது மோகனம், 'ச ரி க ப த'. இப்போது அதே மூன்று கொத்தின் மூன்றாவது கட்டையை 'ச'வாக வைத்துக்கொண்டு அதேபோல் கறுப்பிலேயே போங்கள். இது இந்தோளம். அதே ஐந்து கட்டைகள், தொடங்கும் இடம்தான் வேறு. ஆனால் மோகனம் பளிச்சென்று இருக்கும், இந்தோளம் மாலை மயங்கினாற்போல் இருக்கும். எனக்கு இதை முதலில் காட்டியவர் பாட்டு வாத்தியார். அன்றைக்கு நான் வேறு எதுவும் கற்றுக்கொள்ளவில்லை, கறுப்புக் கட்டைகளையே அமுக்கிக்கொண்டிருந்தேன்.

சுர வரிசை மட்டும் ராகம் ஆகிவிடாது என்பதற்கு ஆரபியும் தேவகாந்தாரியும் சாட்சி. ஏட்டில் இரண்டுக்கும் ஏறுவரிசை இறங்குவரிசை ஒன்றே. பாடும்போது ஆரபி துள்ளி ஓடும், தேவகாந்தாரி நின்று நிதானித்து, சுரங்களை அசைத்து அசைத்து நடக்கும். ஒரே தெருவில் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் பையனும், அவன் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வரும் தாத்தாவும் போல.

"பக்கத்து சீட் மாமி ரெண்டு நொடியில ராகம் பேரைச் சொல்லிட்டாங்க. எப்படி?"

பாதி, பழக்கம். ஒரு ராகத்தில் ஏற்கெனவே ஒரு பாட்டுத் தெரிந்திருந்தால், ஆலாபனையின் நடுவில் அந்தப் பாட்டின் வாடை அடிக்கும். மீதிப் பாதியை மாமி வெளியே சொல்ல மாட்டார். பாட்டின் முதல் எழுத்தைத் தேடினால் ராகமும் தாளமும் பார்த்துக்கொள்ளும்படி கையடக்கப் புத்தகங்கள் உண்டு. புடவைத் தலைப்புக்குள் அதைப் புரட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது கைபேசியில் தேடுகிறார்கள்.

நீங்கள் இதைப் போட்டியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "இது அதுதானே?" என்ற பரபரப்பிலேயே நல்ல ஆலாபனையைக் கோட்டைவிட்டவன் நான்.

"மொத்தம் 72 ராகம்தானாமே?"

72 தாய் ராகங்கள். அவற்றுக்கு மேளகர்த்தா என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி தன் 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யில் போட்ட கணக்கு. ஏழு சுரங்களையும், அவற்றின் வகைகளையும் எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று பார்த்தால் 72 வரும். முதல் 36-க்கும் அடுத்த 36-க்கும் 'ம' மட்டுமே வித்தியாசம். மோகனம், இந்தோளம் போன்ற ஐந்து சுர ராகங்கள், வளைந்து நெளிந்து போகிறவை எல்லாம் இவற்றுக்குப் பிறந்தவை என்று சேர்த்துக்கொள்வார்கள். அவற்றுக்கு அளவில்லை.

விளையாட்டு என்னவென்றால், தாய் ராகத்தின் பெயரிலேயே அதன் எண் ஒளிந்திருக்கும். கடபயாதி என்ற முறையில் ஒவ்வொரு சமஸ்கிருத எழுத்துக்கும் ஓர் எண். பெயரின் முதல் இரண்டு எழுத்தின் எண்களைத் திருப்பிப் போட வேண்டும். மாயாமாளவகௌளையில் 'மா' என்றால் 5, 'யா' என்றால் 1. 51-ஐத் திருப்பினால் 15. அதுதான் அதன் எண். அதோடு 36-ஐக் கூட்டினால் 51. அந்த இடத்தில் இருப்பது காமவர்தனி. 'கா' 1, 'ம' 5, திருப்பினால் 51. சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் முன்னால் தீர, மேச என்று ஒட்டு போட்டதே இந்தக் கணக்கு சரியாக வருவதற்குத்தான். தீரசங்கராபரணம் 29, மேசகல்யாணி 65. நடுவில் அதே 36. இதைக் கேட்டால் மாடி வீட்டுப் பெண் போல கணக்குப் பிடித்தவர்கள் குதிப்பார்கள். மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். கச்சேரி கேட்க இது தேவையே இல்லை.

"வயலின் வெள்ளைக்காரன் வாத்தியமாச்சே, அது எப்படி இங்க?"

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் மேற்கத்திய வயலினைக் கற்று, நம் சங்கீதத்தை அதில் வாசித்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதில் பேர் வாங்கினார். பதினெட்டாம் நூற்றாண்டு முடிந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கும் காலம் அது. குரல் எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் வளைய வயலினுக்கு வரும், தடுக்க வீணையில் இருப்பதுபோல் நடுவில் மெட்டுக் கட்டைகள் இல்லை. அதனால் ஒட்டிக்கொண்டது.

வாத்தியத்தை வைத்துக்கொண்டோமே தவிர, அதைப் பிடிக்கிற விதத்தை மாற்றிவிட்டோம். அவர்கள் நின்றுகொண்டு தாடையில் இடுக்கிக்கொள்வார்கள். இங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு முனையை மார்பிலும் சுருண்ட முனையை வலது கணுக்காலிலும் ஊன்றிக்கொள்வார்கள். வாத்தியத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேலை இல்லாததால் இடது கை மேலும் கீழும் வழுக்கிப் போய் வரலாம். சுரங்களை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு அது வேண்டும். அந்தக் கால் மணிக்கணக்கில் அசையக் கூடாது என்பதை மட்டும் கவனியுங்கள், அவர்கள் மேல் தனி மரியாதை வரும்.

"எல்லாத்தையும் ஒத்திகை பார்த்துட்டு வருவாங்களா?"

பெரும்பாலும் இல்லை. இன்றைக்கு என்ன பாடப்போகிறார் என்பது வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் மேடையில்தான் தெரியவரும். சிக்கலான பல்லவி ஏதாவது இருந்தால் மட்டும் பின்னறையில் ஒரு தடவை சொல்லிக் காட்டுவார்கள். மற்றபடி கேள்வி ஒரு நொடியில் வரும், பதில் அடுத்த நொடியில் போக வேண்டும். முதல் பதிலில் சொன்ன ஓரக்கண் பார்வைக்கெல்லாம் அர்த்தம் இதுதான்.

"இந்த வரிசையை யார் வெச்சது? முதல்ல சின்னப் பாட்டு, நடுவுல பெருசு, கடைசியில திரும்பச் சின்னது…"

இன்றைய அமைப்பை நிலைநிறுத்தியவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பாகச் சில கீர்த்தனைகள், பிறகு நிதானமாக ஒரு பெரிய ராகம், தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள் என்கிற சின்னச் சின்னப் பாட்டுகள். சாப்பாட்டு இலை மாதிரிதான். ஒரு ராகத்தை விரித்துப் பாடி, ஒரே வரியைப் பல்லவியாக எடுத்து வளர்க்கும் ராகம் தானம் பல்லவி இருந்தால் அதுதான் அன்றைய பெரிய உருப்படி. துக்கடா நேரத்தில் பதம், ஜாவளி, திருப்புகழ், விருத்தம் எல்லாம் வரும். புதிதாக வருகிறவர்களுக்குப் பிடித்துப்போவது பெரும்பாலும் அந்தக் கடைசி அரை மணி நேரம்தான். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

"ஒரே வரியை ஏன் திருப்பித் திருப்பிப் பாடுறாங்க? மறந்துபோச்சா?"

சில நாள் அதுவும் நடக்கும், ஆனால் அப்போது முகம் வேறு மாதிரி இருக்கும். வழக்கமாக இரண்டு காரணங்கள். ஒன்று சங்கதி. ஒரே வரியை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துப் பாடுவது. இது குருவிடம் கற்றுக்கொண்ட பாடத்திலேயே, அதாவது பாடாந்தரத்திலேயே, உண்டு. இன்னொன்று நிரவல். வரியின் வார்த்தைகளையும் தாளத்தில் அவை விழும் இடங்களையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, மேலே சுரங்களை மட்டும் அந்த நேரத்துக் கற்பனையில் மாற்றிக்கொண்டே போவது.

நிரவலை முடித்துவிட்டு 'ச ரி க ம' என்று சுரமாகவே பாடத் தொடங்கினால் கற்பனாசுரம். எவ்வளவு தூரம் போனாலும் வரியின் அதே இடத்துக்குத் திரும்பி வந்து சேர வேண்டும். மேலே சொன்ன எட்டு எண்ணிக்கையைப் போட்டுக்கொண்டு கேளுங்கள். "வந்துடுவாரா, வந்துடுவாரா" என்று கிரிக்கெட்டில் ரன் ஓடுவதைப் பார்க்கிற மாதிரியே இருக்கும்.

"தமிழ்நாட்டுல, தமிழ்க்காரங்க முன்னாடி, ஏன் தெலுங்குலயே பாடுறாங்க?"

நியாயமான கேள்வி, பழைய கேள்வியும்கூட. சங்கீத மும்மூர்த்திகள் என்கிற சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர் மூவரும் பிறந்தது திருவாரூரில்தான். ஆனால் தஞ்சையை நாயக்கர்களும் பிறகு மராட்டியரும் ஆண்ட காலத்தில் அரசவையில் தெலுங்குக்கு ஏற்றம் இருந்தது. தியாகராஜருக்குத் தெலுங்கு வீட்டு மொழி. தீட்சிதர் பெரும்பாலும் சமஸ்கிருதத்தில் செய்தார். இவர்களின் சீடர் பரம்பரை பெருகியபோது, பாட்டுகளும் அவர்களோடு பெருகின.

அதற்காகத் தமிழில் இல்லாமல் போகவில்லை. மும்மூர்த்திகளுக்கு முன்பே சீர்காழி முத்துத்தாண்டவரும், மாரிமுத்தாப்பிள்ளையும், 'இராம நாடகம்' எழுதிய அருணாசலக் கவிராயரும் தமிழில் கீர்த்தனைகள் செய்திருந்தார்கள். பின்னால் கோபாலகிருஷ்ண பாரதியும் பாபநாசம் சிவனும் வந்தார்கள். காலத்தில் இன்னும் முன்னே போனால் தேவாரப் பண்கள் இருக்கின்றன. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களுக்கும் தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. 'துக்கடா'வாகத் தமிழை ஓரத்தில் தள்ளிவைத்த வழக்கத்தை எதிர்த்துத்தான் 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கினார். கல்கி வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார். இன்று நிலைமை அன்றைக்கு இருந்ததைவிடத் தேவலை. ஆனாலும் கச்சேரியின் நடுநாயகமான உருப்படி தமிழாக இருக்கும் நாட்கள் குறைவுதான் என்பது என் கணக்கு. அதில் எனக்கு வருத்தம் உண்டு. தெலுங்குப் பாட்டைப் பொருள் தெரியாமல் கண்ட இடத்தில் உடைத்துப் பாடுவதைக் கேட்டு ஆந்திர நண்பர் ஒருவர் முகம் சுளித்ததையும் பார்த்திருக்கிறேன். ஆக, இரண்டு பக்கமும் வருத்தம்தான்.

"மிருதங்கம் தனியா வாசிக்க ஆரம்பிச்சதும் எல்லாரும் எழுந்து போறாங்களே, இடைவேளையா?"

இடைவேளை இல்லை, அநியாயம். தனி ஆவர்த்தனம் என்பது தாள வாத்தியக்காரர்களுக்குக் கச்சேரியில் கிடைக்கிற ஒரே முழுப் பொழுது. அதுவரை இரண்டு மணி நேரம் மற்றவருக்காக வாசித்தவர்கள் அப்போதுதான் தங்களுக்காக வாசிக்கிறார்கள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நம் ஆட்களுக்குக் காப்பி ஞாபகம் வரும்.

உட்கார்ந்து பாருங்கள். மிருதங்கம் ஒரு சுற்று, கடம் ஒரு சுற்று. பிறகு சுற்றுகள் குறுகிக்கொண்டே வரும், பாதியாகும், கால் ஆகும், கடைசியில் இருவரும் சேர்ந்துகொள்வார்கள். முடிவில் கோர்வை என்கிற, கணக்காகக் கட்டிய ஒரு தாளச் சொற்கட்டை மூன்று தடவை வாசிப்பார்கள். அந்த மூன்றாவது தடவை முடியும் இடமும், பாடுகிறவர் பாட்டை மறுபடி எடுக்கும் இடமும் மயிரிழை பிசகாமல் பொருந்தும். அந்தப் பொருத்தம் நிகழும் நொடிக்காகவே நான் கச்சேரிக்குப் போகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

"கடம் நிஜமாவே மண் பானையா? தண்ணி ஊத்தி வெக்கலாமா?"

மண் பானைதான், ஆனால் தண்ணீர்ப் பானை இல்லை. மானாமதுரைக் கடம் பெயர் பெற்றது. சுவர் கனமாக, எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும்படி தட்டித் தட்டிச் செய்வார்கள். வயிற்றில் ஒரு ஓசை, கழுத்தில் ஒரு ஓசை, பானையின் வாயைத் தன் வயிற்றோடு அமுக்கி எடுத்தால் 'பும்' என்று இன்னொன்று. மிருதங்கம்போல் இதை இழுத்துச் சுருதி சேர்க்க முடியாது என்பதால், சுருதிக்கு ஒரு கடமாக வைத்திருப்பார்கள். உடையும். உடைந்தால் ஒட்ட முடியாது.

பக்கத்தில் சின்னதாக ஒரு கையில் பிடித்து வாசிப்பது கஞ்சிரா. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தது. தோலில் அவ்வப்போது தண்ணீர் தடவுவார்கள். ஓசை தாழ்வதற்காக.

"எப்போ கைதட்டணும்? தப்பா தட்டி மானம் போயிடக் கூடாது."

போனால் போகட்டும், எனக்குப் போயிருக்கிறது. முதல் கச்சேரியில், மிருதங்கம் ஒரு தீர்மானத்தை, அதாவது முத்தாய்ப்பை, வைத்ததும் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பலமாகத் தட்டிவிட்டேன். பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவிதான் முடிந்திருந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

ஆலாபனை முடிந்ததும், வயலின் ஆலாபனை முடிந்ததும், சுரம் முடிந்து வரிக்குத் திரும்பியதும், தனி முடிந்ததும், பாட்டு முடிந்ததும் தட்டலாம். நடுவில் நன்றாக இருந்தால் "ஆஹா", "பலே", "பேஷ்" என்று வாய்விட்டுச் சொல்லலாம், இங்கே அது மரியாதைதான். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

"போன்?"

வேண்டாம்.

"கேன்டீன் நல்லா இருக்கும்னாங்களே?"

அதற்காக மட்டும் சபாவுக்கு வருகிற கூட்டம் தனி. அவர்களையும் நான் ரசிகர் கணக்கில்தான் சேர்க்கிறேன். தனி ஆவர்த்தனத்தின்போது போகாதீர்கள், அவ்வளவுதான் என் கோரிக்கை. கச்சேரி தொடங்குவதற்கு முன்பே போனால் அடையும் சூடாக இருக்கும், வரிசையும் சிறிதாக இருக்கும்.

"மைக் இல்லாத காலத்துல எப்படிக் கேட்டாங்க?"

உயர்ந்த சுருதியில் பாடினார்கள். ஆண்களே நாலு, ஐந்து கட்டையில் பாடினால்தான் கடைசி ஆள் வரை எட்டும். நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பா பேர் வாங்கியது அப்படித்தான். ஒலிபெருக்கி பரவிய பிறகு சுருதி இறங்கியது, நுணுக்கமாக, மெதுவாகப் பாடவும் வழி பிறந்தது. பதிலுக்கு இன்று சில அரங்குகளில் ஒலியை ஏற்றுகிற ஏற்றில் கடமும் மிருதங்கமும் இடி இடிக்கும். சின்ன அரங்கில் மைக் இல்லாமல் பாடும் கச்சேரி எங்காவது நடந்தால் தவறவிடாதீர்கள்.

"மேடையில எல்லாரும் ஒரே மாதிரி ஆளுங்களாத்தான் தெரியுறாங்க. இது எல்லாருக்குமான கலையா?"

ஆட்டோவில் இந்தக் கேள்வி வந்தால் நான் கொஞ்சம் மௌனமாகிவிடுவேன். இன்றைய சபா மேடையைப் பார்த்து இதைக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் இந்தச் சங்கீதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களில் இசை வேளாளர்களின் பங்கு மிகப் பெரியது. கோயிலில் நாகஸ்வரமும் தவிலும் வாசித்தவர்கள், பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிரை ஆடிய பெண்கள், வீணை தனம்மாள் போன்றவர்கள். ராகத்தை விரித்து வாசிப்பதில் நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பாடகர்களே பாடமாக எடுத்துக்கொண்டார்கள். சபாக்கள் வளர்ந்த அதே காலத்தில் இந்தக் குடும்பங்கள் மேடையிலிருந்து மெல்ல ஓரங்கட்டப்பட்டன. நாகஸ்வரம் இன்றைக்கும் சபாவில் பெரும்பாலும் தொடக்க நாள் மங்கல வாத்தியம்தான்.

பெண்கள் விஷயமும் இப்படித்தான். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்ட 1920களில் தன் சொத்தைச் செலவழித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அங்கே ஆண்டுதோறும் நடக்கும் தியாகராஜ ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அவர் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாடினார். மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் முதன்முதலில் ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு, கிடைத்தது 1968-இல். அகாடமி தொடங்கி நாற்பது வருஷம் கழித்து. திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் அந்தக் காலத்திலேயே மிருதங்கம் வாசித்தார் என்றாலும், பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க மாட்டோம் என்ற ஆண் வித்வான்கள் வெகுநாள் இருந்தார்கள். இதெல்லாம் தெரிந்த பிறகும் அந்த மோகனம் எனக்கு மோகனமாகவே இருக்கிறது. ஆனால் மேடையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

"மங்களம் பாடினா முடிஞ்சுதா? எழுந்துடலாமா?"

முடிந்தது. பெரும்பாலும் தியாகராஜர் சௌராஷ்டிர ராகத்தில் செய்த மங்களத்தைப் பாடுவார்கள். இரண்டு நிமிஷம்தான், உட்கார்ந்திருந்து கேட்டுவிட்டுப் போகலாம். ஆனால் முதல் வரி தொடங்கியதும் அரங்கு முழுக்கக் குனிந்து இருக்கைக்கு அடியில் செருப்பைத் தேடுவதைப் பார்ப்பீர்கள். மதியக் கச்சேரியாக இருந்தால், பாடுகிறவர் கைகூப்பி முடிப்பதற்குள் அடுத்த கச்சேரிக்காரரின் மிருதங்கம் உறையோடு மேடை ஓரத்துக்கு வந்துவிட்டிருக்கும்.